லோரி நுழைய முடியாத லோரிக் கடையில் பசியாறல்

எந்தச் சாப்பாட்டுக் கடையானாலும் நான் வாசலைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டியை எங்கே போடுவது, எடுக்கும்போது ரிவர்ஸில் ரோட்டுக்கு வரவேண்டியிருக்குமா, மழை பெய்தால் மண் குழையுமா என்று. லோரி ஓட்டிய புத்தி. விட்டு ஒன்பது வருஷமாகியும் போகவில்லை. இந்தக் கடையின் வாசலில் ஒரு சிவப்பு பெட்ஃபோர்டு லோரி நிற்கிறது, பொம்மை இல்லை, நிஜ லோரி. அதற்குப் பக்கத்தில் வண்டிகள் நுழையும் வழியில் இரண்டு மீட்டர் உயரத்தில் மஞ்சள் கறுப்பு இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். கார் போகும், வேன் தலையைக் குனிந்துகொண்டு போகும். லோரி போகாது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கொஞ்சம் குறையும் சொல்லவேண்டியிருக்கிறது, அங்கே பரிமாறும் பெண்களில் ஒருத்தி எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், இருக்கிறவள். பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் நடுவே பழைய டிரங்க் ரோட்டில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகள்தான் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, பழைய காலத்து அமெரிக்க டைனர், அந்த ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை மாதிரி கட்டியிருக்காங்களாம், ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் கூட்டிக்கிட்டு போவோம்" என்றாள். படத்தைப் பார்த்ததும் அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 1989-இல் பதினெட்டு வயதில் நான் கெலிண்டானாக, அதாவது லோரி உதவியாளாக, சேர்ந்தபோது, பிறை ஊரில் சாமான் ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் வண்டிகள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் நிற்கும் இடம் அதுதான். தகரக் கூரை, பளிங்கு மேசை, மேசைக்கடியில் எச்சில் சட்டி. வெள்ளைப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு ஹைனான் சீனக் கிழவர் கோப்பி கலக்குவார். சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் நாம் உட்காருவதற்குள் கோப்பி மேசைக்கு வந்துவிடும், எந்த டிரைவருக்கு என்ன கோப்பி என்பது அவருக்கு மனப்பாடம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்த பிறகு வண்டிகள் அதில் ஏறிக்கொண்டன. டோல் காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் மட்டும் கொஞ்ச காலம் இந்தப் பக்கம் ஓடினார்கள். அப்புறம் ஒருநாள் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது, கூரையில் செடி முளைத்திருந்தது.

இப்போது அதே இடத்தில் கிழவரின் பேரன். முப்பது சொச்சம் வயது இருக்கும். கோலாலம்பூரில் விளம்பர வேலை பார்த்துவிட்டு வந்து திறந்தானாம்.

உள்ளே போனதும் தரை கறுப்பும் வெள்ளையும், சதுரங்கப் பலகை மாதிரி. சிவப்பு ரெக்சின் போட்ட நீள இருக்கைகள். சுவரில் நீல, ரோஸ் நிறக் குழல் விளக்கு. ஒரு மூலையில் ஜூக்பாக்ஸ். மகள் காசு போடும் ஓட்டையைத் தேடினாள், இல்லை. உள்ளே இருப்பது புளூடூத் ஸ்பீக்கர், வெளியே இருப்பது கூடு. பாட்டு எல்லாம் ஆங்கிலம், நடுவில் ஒன்றிரண்டு மலாய்ப் பாடகர் பி. ரம்லி. அவர் இந்தப் பினாங்கில் பிறந்தவர், அதனால் சரி. அந்த நாளில் இந்த ரோட்டில் ஓடிய லோரிகளில் பாதிக்குத் தமிழர்கள்தான் டிரைவர், அவர்கள் கேட்ட பாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன்.

மெனு அட்டையின் பின்பக்கம் டைனர் கதை போட்டிருந்தார்கள். 1872-இல் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் ஒருவர் குதிரை வண்டியில் சாப்பாடு வைத்து, ராத்திரி வேலை பார்க்கும் பத்திரிகை ஆட்களுக்கு விற்றாராம். அதிலிருந்து வளர்ந்ததுதான் டைனராம். படித்துவிட்டு என் மனைவி, "இது நம்ம ரோட்டோர ஒட்டுக்கடைதானே, இதுக்கு எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போனான்?" என்றாள்.

பெட்ஃபோர்டுக்கு வருகிறேன். அதன் மேல் ஏறி உட்கார விடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்ள. நான் முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டது இந்த ரகத்தில்தான். பவர் ஸ்டீரிங் கிடையாது, வண்டி நின்றபடி சக்கரத்தைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். கதவைச் சாத்தும் சத்தம் அப்படியே இருந்தது, தகர டின்னை யாரோ கல்லில் போட்ட மாதிரி. கியர் கம்பியின் தலையில் குமிழ் உடைந்து போயிருக்க, யாரோ கோல்ஃப் பந்தைத் துளைத்து மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் இது நிஜமாகவே உழைத்த வண்டி என்று நம்பினேன். அதெல்லாம் கடைக்காரன் யோசித்துச் செய்கிற வேலையில்லை, டிரைவர் செய்கிற வேலை. ஆனால் வண்டிக்குப் புதுசாகச் சாயம் அடித்தவர்கள், கதவில் வெற்று எடையும் சுமையோடு எடையும் எழுதியிருந்த இடத்தைச் சேர்த்து மறைத்துவிட்டார்கள். அது இல்லாத லோரியைப் பார்த்தால் எனக்குச் சட்டை போடாமல் கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி இருக்கிறது. மகள், "இறங்குங்கப்பா, பின்னாடி சின்னப் பிள்ளைங்க காத்திருக்காங்க" என்ற பிறகுதான் இறங்கினேன்.

சரி, சாப்பாடு.

ஆர்டர் எடுக்க ஆள் வருவதில்லை. மேசையில் கியூஆர் ஒட்டியிருக்கிறது, போனில் தட்டவேண்டும். எனக்கு வேண்டியது கோப்பி ஓ காவ், அதாவது பால் இல்லாமல் கெட்டியாக. போனில் அந்தக் 'காவ்' இல்லை. சீனி குறைவு, சீனி இல்லை, ஐஸ் என்று மூன்று பொத்தான்தான். எங்கள் தாமான் பெண் அந்தப் பக்கம் வந்தபோது கையைக் காட்டிக் கூப்பிட்டேன். "அங்கிள், சிஸ்டத்துல அது இல்ல லா, ஆனா நான் உள்ள போய் சொல்றேன்" என்றாள். போய்ச் சொன்னாள், வந்தது. பொத்தான் செய்யாததை அவள் வாய் செய்தது.

கோப்பி நல்ல கோப்பி. சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுத்த கொட்டை, துணிப்பையில் வடித்தது. இயந்திரத்தில் பிழிந்த சமாச்சாரம் இல்லை. தொண்டையில் அந்தக் கரிந்த சீனி வாசம் நிற்கும், அது நின்றது. குறை, ஊற்றிக் கொடுத்த பாத்திரத்தில். வெள்ளை எனாமல் குவளை, நீல விளிம்பு. பார்க்க அழகு. இரும்புக்கு மேல் எனாமல் பூச்சு, அதனால் சூடு முழுவதும் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கோப்பியின் சுவை தெரிவதற்கு முன்னால் உதடு வெந்துவிடும். பிடிக்குத் துண்டு சுற்றிக்கொள்ளலாம், உதட்டுக்கு என்ன சுற்றுவது? கிழவர் காலத்தில் பச்சைப் பூப் போட்ட தடிப் பீங்கான் கோப்பையும் தட்டும்தான். தடிப் பீங்கான் உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும், உதட்டைச் சுடாது. அவசரம் என்றால் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிப்போம், இரண்டு நிமிஷத்தில் வண்டியில் ஏறிவிடலாம். அந்தக் கோப்பைகள் இந்தக் கடையிலேயே இருக்கின்றன, கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்து அதில் கோப்பி கொடுத்தால் என்ன?

முட்டை கதை வேறு. அரைவேக்காட்டு முட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு, நம் ஊர் வீடுகளில் பலபேர் வைத்திருப்பார்கள். மேல் டப்பாவில் முட்டையைப் போட்டுக் கோடுவரை வெந்நீர் ஊற்றி மூடவேண்டும். அடியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழ் டப்பாவுக்கு இறங்கும். மேலே காலியானால் முட்டை தயார். கடிகாரமே வேண்டாம். இந்தக் கடையில் அந்த டப்பாவை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்து, வெந்நீரை நம் கண்முன்னால் ஊற்றுகிறார்கள். இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மேசையில் யாரும் போனைப் பார்க்கவில்லை, எல்லாரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடைத்தால் வெள்ளைக்கரு கஞ்சித் தண்ணீர் மாதிரி ஓடியது. அம்மா தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் முட்டையாவே இருக்குடா" என்றார். முட்டை குளிர்பெட்டியில் இருந்து நேராக வந்திருக்கிறது. சில்லென்ற முட்டை மேல் எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் பாதிச் சூடு ஓட்டோடு போய்விடும். தண்ணீர் இறங்குகிற நேரம் கணக்காக இருக்கலாம், முட்டை வெளியே வைத்திருந்ததாக இருக்கவேண்டுமே. திருப்பிக் கொடுத்தோம். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, சமையலறையில் வெளியே இருந்த முட்டையை எடுத்துவந்து மறுபடி ஊற்றினார்கள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. வெள்ளை பட்டு மாதிரி பிடித்திருந்தது, மஞ்சள் ஓடியது, கொஞ்சம் கிச்சாப்பும் (சோயா சாஸ்) வெள்ளை மிளகுத் தூளும் போட்டு அம்மா இரண்டையும் தட்டோடு தூக்கி உறிஞ்சினார். ஆனால் அதற்குள் ரொட்டி ஆறிவிட்டது. ரொட்டிக்கு வேறு ரொட்டி கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மற்ற இடங்களில் வரும் மெத்தை மாதிரி வெள்ளை ரொட்டி இல்லை இது, பினாங்கு பெங்காலி ரொட்டி. மேல் தோல் மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் இழுக்கும். வங்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலை செய்தவர்களே பங்கு போட்டு நடத்திய ரொட்டிக்கடை என்பதால் 'பங்காளி ரொட்டி' என்று இருந்து, வாய்க்கு வாய் மாறிப் பெங்காலி ஆகிவிட்டது என்று பினாங்கில் சொல்வார்கள். சொன்னால் மகள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகிறாள், ருசி நம்பவைத்தது.

அதன் மேல் காயா. தேங்காய்ப் பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டுவது. ஞோஞா வீட்டுக் காயா, அதாவது மலாய் வழக்கம் கலந்த சீனர் வீட்டுக் காயா, பாண்டான் இலை போட்டுப் பச்சையாக இருக்கும். ஹைனான்காரர் காயா சீனியைக் கருக்கிச் சேர்ப்பதால் பழுப்பாக இருக்கும். இது பழுப்பு. டின்னில் வருவது பசை மாதிரி ஒட்டும். இது நாக்கில் வைத்தால் பொடிப்பொடியாகக் கரைந்தது, கடைசியில் லேசான கசப்பு. முப்பது வருஷத்துக்கு முன்னால் தின்ற அதே காயா. நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து கவுண்டர் பக்கம் போய், "தவுக்கே (முதலாளி), இது யார் கிண்டுறது?" என்று பேரனிடம் மலாயில் கேட்டேன். அவன் சமையலறைக் கதவைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினான். முன்பக்கம் இவ்வளவு மாற்றியவன் அந்தப் பின்பக்கத்தில் கை வைக்கவில்லை. அதே கரி பிடித்த சுவர், அதே தாழ்வான அடுப்பு. அவன் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, வெந்நீர்ப் பானைக்கு மேல் வைத்த பாத்திரத்தில் அகப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் கிண்டவேண்டும், நிறுத்தினால் முட்டை திரிந்துவிடும். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கை நிற்கவில்லை.

ஹைனான் ஆட்கள் மற்ற சீனர்களுக்குப் பிறகு இங்கே வந்தவர்கள். நல்ல தொழில் எல்லாவற்றையும் மற்றவர்கள் பிடித்துவிட்டதால் வெள்ளைக்காரன் வீட்டிலும் கப்பலிலும் சமையலுக்குப் போனார்கள். ரொட்டி சுடுவதும் முட்டை அவிப்பதும் அங்கே படித்ததுதான். பிறகு தனியாகக் கோப்பிக் கடை போட்டார்கள். வெள்ளைக்காரன் காலைச் சாப்பாடு அவர்கள் கையால் மாறி லோரிக்காரன் பசியாறலாக ஆனது இப்படித்தான். பேரன் மெனு அட்டையின் பின்பக்கம் இந்தக் கதையைப் போட்டிருக்கலாம். பிராவிடன்ஸ் ஊரைவிட அவன் பின்கட்டுக்கு இது கிட்டம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மகள் கேட்ட பேன்கேக்கில் கூலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு ஊற்றியிருந்தார்கள். பாகு அருமை, அடியில் இருந்தது தடித்த தோசை. மனைவியின் நாசி லெமாக்கில் சோறு பொலபொலவென்று இருந்தது, தேங்காய்ப் பால் மட்டும் பேருக்குத்தான். சம்பல் இனிப்பு, கோழி பரவாயில்லை. ஐஸ் மைலோவில் மேலே குவித்த மைலோத் தூள்தான் ஏழரை வெள்ளியில் (ரிங்கிட்) பாதி. கழிவறை சுத்தம், தரை காய்ந்திருக்கிறது, சோப்பு இருக்கிறது. இந்த ரோட்டில் அது பெரிய பாராட்டு.

இனி அம்மா. அவருக்கு எழுபத்தேழு வயது. பதினாலு வயதில் ரப்பர் பால் வெட்டப் போனவர், நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில். அந்த வட்டாரமே கலிடோனியா போல முதலில் கரும்புத் தோட்டங்களாக இருந்து, பிறகு ரப்பராகி, இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனையாகிவிட்டது. காரில் வரும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஒவ்வொரு மேசையிலும் சீனிப் பொட்டலங்களை ஒரு மண்நிறப் பளபளப்புக் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. முட்டை டப்பாவில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அதை இழுத்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கிண்ணம் காலியானதும் இடது கையில் ஏந்தி, வலது கைக் கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரே சுற்று, அடிவரை. அப்புறம் கவிழ்த்து மேசையில் ஒரு தட்டு.

"மங்கு" என்றார்.

ரப்பர் மரத்தில் கம்பி கட்டி அதில் உட்கார வைக்கும் பால் மங்கு. வெட்டுக்கு முன்னால் முந்தின நாள் உறைந்த கட்டியை எடுத்துவிட்டு, மங்கைத் துடைத்துக் கவிழ்த்துத் தட்டி, திரும்ப வைக்கவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு மரம் ஐந்நூறு மரம் என்று வெட்டிய கை. அம்மா அதன் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த கறுத்த பிசிறை நகத்தால் கிள்ளி எடுத்தார். இழுத்தார், நீண்டது. "ஒட்டிக் காஞ்ச பாலு. கடையில புதுசா வாங்குனது இல்ல இது, மரத்துல இருந்தது."

பரிமாறும் பெண் ஓடிவந்து, "பாட்டி, சீனி வேணுமா? பிரவுன் சீனியா?" என்று கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மணிக்கு எழுந்தது, பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, பேர் கொடுத்தது, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே வெட்டத் தொடங்கியது, நடுவில் மரத்தடியில் உட்கார்ந்து தூக்கில் கொண்டுபோன வெறுங்கோப்பியில் பிஸ்கட்டை நனைத்துப் பசியாறியது எல்லாவற்றையும் அந்தப் பெண்ணை நிற்கவைத்தே சொன்னார். மற்ற மேசைகளில் போன் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் நகரவில்லை. போகும்போது, "எங்க அப்பாயியும் பால் வெட்டுனவங்கதான் பாட்டி, எங்கிட்ட இதெல்லாம் சொன்னதில்ல" என்றாள்.

பில் 84 வெள்ளி 70 காசு, நாலு பேருக்கு, பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு வரியும் சேர்த்து. முட்டை, ரொட்டி, கோப்பி செட் 12 வெள்ளி 90 காசு. சாதாரணக் கோப்பிக் கடையில் பாதிக் காசுக்கு முடித்துவிடலாம். காயாவுக்காகக் கொடுக்கலாம், ஜூக்பாக்ஸ் கூட்டுக்காகக் கொடுக்க எனக்கு மனசில்லை. போகிறவர்கள் ஞாயிறென்றால் எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்கப்புறம் கார் போட இடமிருக்காது. பெங்காலி ரொட்டி, காயா, கோப்பி மூன்றும் கேளுங்கள். முட்டை வெளியே வைத்திருந்ததா என்று ஊற்றுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். கோப்பியை எனாமலில் வேண்டாம், கண்ணாடிக் கிளாஸில் கொடு என்று சொன்னால் கொடுக்கிறார்கள். நான் இரண்டாவது கோப்பியை அப்படித்தான் வாங்கினேன். போனில் தட்டாமல் அந்தப் பெண்ணிடமே சொல்லுங்கள்.

காசு கட்டும் இடத்தில் கூடை நிறைய மங்குகள் விற்பனைக்கு வைத்திருந்தார்கள், ஒன்று 18 வெள்ளி. மகள் ஒன்றைக் கையில் எடுத்தாள். அம்மா வாங்கித் திரும்பக் கூடையில் வைத்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் நாலு கிடக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.